களவெடுத்தால்தான் பிடிக்கும்

கைபேசி விளக்கை இலைக்கு அடியில் பிடித்துப் பார்த்தாள் செலீன். இலையும் தண்டும் சேரும் இடுக்கில், பஞ்சைக் கிள்ளி வைத்தது போல, அரிசி மணியிலும் சின்னதாக ஒரு வெள்ளை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில், அசைகிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் மூன்றாவது.

“வந்திருச்சு,” என்றாள். அழுவதா, சாடியைத் தூக்கி நாலாம் மாடியிலிருந்து எறிவதா என்று அவளுக்கே விளங்கவில்லை. “ஏங்க! இங்க வாங்க. இது தூசியா, அதுவான்னு பாருங்க.”

கிளறன்ஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தான். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்தவன், கண் இரண்டும் சிவந்திருந்தது.

“தூசின்னு சொன்னா நம்புவியா?”

“மாட்டேன்.”

“அப்ப எதுக்கு என்னைக் கூப்பிட்டே?”

மாதா திருநாளுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அந்தத் தொடர்மாடியின் படிக்கட்டு அடியில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மாதா சுரூபம் இருக்கிறது. ஒவ்வொரு செப்ரெம்பர் எட்டாம் திகதியும் அந்தக் கூட்டை ஒரு வீட்டார் சோடிக்க வேண்டும். கட்டடத்தில் கத்தோலிக்க வேதக்கார வீடுகள் ஏழு. யாருடைய முறை என்பதை இரண்டு வாசல் தள்ளி இருக்கும் பிறிஜெற் அக்கா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பாள். செலீன் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். மற்ற ஆறு வீடுகளுக்கும் ஒரு முறை சுற்றி வந்து, சிலருக்கு இரண்டாம் முறையும் வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் வரவில்லை. கேட்டால் “அடுத்த வருசம் பாப்பம்” என்பாள் பிறிஜெற். தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதால்தான் என்று செலீன் நினைத்துக்கொள்வாள். நினைத்ததை வாயால் சொன்னதில்லை.

இந்த வருடம் முறைக்காரர்கள் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டார்கள். பிறிஜெற்றுக்கு வேறு வழி இருக்கவில்லை. “சரி, இந்த முறை உம்மட வீடு,” என்று படிக்கட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாள். செலீன் அங்கேதான் வாயை விட்டாள்.

“இந்த வருசம் கடைப் பூ வேணாங்க்கா. நான் வளக்கிற அந்தூரியம் ஏழு சாடி இருக்கு. ஏழும் பூவோட மாதா காலடியில நிக்கும்.”

எல்லாரும் கேட்டார்கள். மூன்றாம் மாடி பஹ்மியா கூடக் கேட்டுவிட்டு, “மாஷா அல்லாஹ், நல்லா ஈக்கும்,” என்றாள். சொல்லி ஒரு கிழமைக்குள் முதல் வெள்ளை வந்தது.

முதலில் அவள் அதைச் சுண்ணாம்புத் தூசி என்றுதான் நினைத்தாள். அந்த மாதம் கட்டடத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய துணியை நனைத்து ஏழு சாடியையும் ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். வாசல் கம்பியில் படர்ந்திருந்த மணி பிளான்டையும் அதே துணியால் துடைத்தாள். அது அவளுடைய செல்லக் கொடி. பச்சை இலையில் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி. அது வேர் பிடித்த வருடம்தான் கிளறன்ஸுக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அதனால் அந்தக் கொடியின் மேல் மற்றவர்களுக்கு ஒரு கண்.

நாலு நாளில் ஒரு சாடியில் இருந்த வெள்ளை மூன்று சாடிக்கு வந்தது. இலை தொட்டால் பிசுபிசுத்தது, சீனிப் பாணியைத் தடவியது போல.

அடுத்ததாகப் புறக்கோட்டையில் செடி மருந்து விற்கும் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் இலையை வாங்கிப் பார்க்கவே இல்லை. வெள்ளையாக இருக்கிறது என்று அவள் சொன்னதும் உள்ளே போய் ஒரு பைக்கற்றை எடுத்து வந்து வைத்தார். “மேக்க தாலா பலன்ன நோனா. ஹரி யாய்.” போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும் என்றார் சிங்களத்தில். அது பூஞ்சணத்துக்குத் தூவும் தூள். அதுவும் வெள்ளை. தூவி முடித்த பிறகு எது நோய், எது மருந்து என்று பிரித்துப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் செடிக்கு முன்னால் குந்தியிருந்தாள். மூன்றாம் நாள் மருந்து நடந்து போனது. அப்போதுதான் அவளுக்கு இது பூஞ்சணம் இல்லை என்று உறைத்தது.

அதற்குப் பிறகு உடுப்புத் தோய்க்கிற தூளைக் கரைத்து, நுரை பொங்கப் பொங்க, பன்னிரண்டு மணி வெயிலில் ஊற்றினாள். பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு சாடியில் இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது.

“மண்ணெண்ணெய் அடிச்சுப் பாரேன்,” என்றான் கிளறன்ஸ்.

“உங்க தலையில பேன் வந்தப்ப அடிச்சாங்களே, அது மாதிரியா? அதுக்கப்புறம் முடி வந்துச்சா?”

கிளறன்ஸ் வழுக்கையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கடைசியில் உதவிக்கு வந்தவள் பஹ்மியாதான். அவள் வீட்டிலிருந்தே தைக்கிறவள். ஊசியில் நூல் கோக்க ஒரு பெரிய பூதக்கண்ணாடி வைத்திருந்தாள். கருகிய இலையோடு செலீன் கீழே இறங்கிப் போனபோது, கண்ணாடியை மேலே பிடித்து, ஊசி முனையால் அந்த வெள்ளைப் பஞ்சைக் குத்தினாள். குத்தின இடத்தில் செம்மஞ்சளாய் ஒரு துளி நீர் வந்தது.

“பாருங்கோ அக்கா. மா இல்ல, உசிர் ஈக்கிது. இதுதான் மாவுப் பூச்சி. போன வருசம் எனக்கிட்ட ஈந்த செடி எல்லாம் இதாலதான் மவுத்தாப் போச்சு.”

“தூள் போட்டும் சாகலியே.”

“தூள் எப்பிடி சாகடிக்கும்? அதுட மேல மெழுகு ஈக்கிது, தண்ணி ஒட்டாது. இலை பிசுபிசுக்கிதா? அது இந்தப் பூச்சிட கழிவு. எறும்புக்கு அதுதான் இனிப்பு. எறும்பு இதுகளைக் கொழுந்துக்குக் கொழுந்து தூக்கிட்டுப் போய் மேய்க்கும், நாங்க மாடு மேய்க்கிற மாதிரி. எறும்பு வாறதை நிப்பாட்டாம பூச்சியைச் சாகடிச்சு வேலை இல்ல. துடைச்சீங்களா?”

“ஆமா. நல்லா துடைச்சேன்.”

“ஒரே துணியாலயா?”

செலீன் மெதுவாகத் தலையாட்டினாள்.

“சரி, நீங்களேதான் வீடு வீடாக் கொண்டு போய் விட்டிருக்கீங்க,” என்று சிரித்தாள் பஹ்மியா.

செலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பஹ்மியா சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். சாடிகளை ஒன்றோடொன்று இலை முட்டாதபடி தள்ளி வைத்தாள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, பூச்சியை ஒவ்வொன்றாகத் தொட்டாள். தொட்டதும் வெள்ளை கரைந்து உள்ளே இருந்த பழுப்பு உடம்பு தெரிந்தது. ஒரு லீற்றர் தண்ணீரில் கோப்பை கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, வேப்பெண்ணெய் அரைத் தேக்கரண்டி. முதலில் ஓர் இலையில் அடித்து, ஒரு நாள் பொறுத்து, கருகவில்லை என்று கண்ட பிறகுதான் மற்றதுக்கு. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம். ஏழு நாள் கழித்து மறுபடியும், ஏனென்றால் முட்டை தப்பிவிடும். ஒவ்வொரு சாடியையும் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் செங்கல் வைத்து அதன் மேல் ஏற்றினாள், எறும்பு நீந்தி வராதபடி. மணி பிளான்டை முழுசாகக் கழற்றி வாளியில் முக்கி எடுத்தாள்.

எட்டு நாள் ஒன்றும் இல்லை. அவள் இலைகளைப் பார்த்துப் பாட்டுக்கூடப் பாடினாள்.

ஒன்பதாம் நாள்தான் இப்போது.

ஏழு சாடியில் மூன்றில்தான் பூச்சி. மூன்றும் பிறிஜெற் வீட்டுப் பக்கம் நிற்கும் சாடிகள். செலீன் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். தட்டில் தண்ணீர் இருந்தது. ஆனால் ஒரு சாடியின் நீண்ட இலை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவரில் ரீவி வயர் ஓடியது. வயர் மேல் எறும்பு ஓடியது. வருவதும் போவதுமாக, கந்தோர் விட்ட நேரத்துக் காலி வீதியின் வாகன நெரிசல் மாதிரி.

அவள் எழுந்து வயரோடு நடந்தாள். நடுவில் பூட்டிய வீடு, இத்தாலிக்குப் போனவர்களுடையது. அதைத் தாண்டி வயர் பிறிஜெற் சமைக்கும் குசினியின் ஜன்னலுக்குள் நுழைந்தது. ஜன்னல் திரை பாதி விலகியிருந்தது. கம்பிக்குள், உள்பக்கத் தட்டில், ஒரு ஜாம் போத்தல். போத்தலில் தண்ணீர். தண்ணீரில் ஒரு மணி பிளான்ட் கொடி. பச்சை இலையில் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி. கணுவுக்குக் கணு பஞ்சு பஞ்சாய் மாவுப் பூச்சி.

செலீனுடைய கொடி. சித்திரை வருடப் பிறப்புக்கு அவள் ஊருக்குப் போய் வந்தபோது கம்பியில் தொங்கிய நீளமான நுனி ஒன்று காணாமல் போயிருந்தது. காற்றுக்கு முறிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கோபத்தோடு கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றது.

மணி பிளான்ட் களவெடுத்தால்தான் வீட்டுக்குப் பிடிக்கும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கினால் வளரும், சல்லி வராது. கேட்டு வாங்கினாலும் அப்படித்தான். யாரும் பார்க்காமல் ஒடித்துக்கொண்டு வர வேண்டும், எங்கிருந்து என்று யாருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் வந்தது போய்விடும். செலீனிடம் யாராவது கேட்டால், “கண்காட்சியில வாங்கினேன்,” என்பாள்.

கண்காட்சியில் வாங்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த முதல் மாதம், பிறிஜெற்றின் மகன் றொஹானுக்குக் காய்ச்சல் என்று அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள், இதே ஜன்னல் கம்பியிலிருந்து ஒடித்தது. அன்றைக்குப் பிறிஜெற்றிடம் அந்த வெள்ளைப் புள்ளிக் கொடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சில மாதத்தில் அது பட்டுப் போனது.

செலீன் கையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஒரு கிழமை அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. வயரில் எறும்புச் சோக்கால் கோடு போட்டாள். எறும்பு ஒரு நாள் நின்று, மறுநாள் கூரை ஓரமாக வந்தது. வேப்பெண்ணெய்த் தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பி பிறிஜெற்றிடம் கொண்டு போனாள்.

“அக்கா, இது வீட்டிலயே செஞ்சது. உங்க வீட்டுச் செடிக்கு அடிங்க. பூச்சி வராது.”

“என்னட்ட எங்க செடி? ஒரு கருவேப்பிலை கூட இல்ல.”

“ஜன்னல்ல ஏதாச்சும்…”

“ஜன்னல்ல ஒண்டுமில்ல,” என்றாள் பிறிஜெற். ஆனால் போத்தலை வாங்கிக்கொண்டாள். மறுநாள் அதால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நல்ல சாமான் செலீன். பளிச்செண்டு இருக்கு. மணம்தான் கொஞ்சம் கூடாது.”

இன்னொரு நாள் செலீன் தன் கொடியில் சுத்தமான நுனி ஒன்றை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள்.

“அக்கா, இது உங்களுக்கு.”

பிறிஜெற் பின்னால் ஓர் அடி வைத்தாள், பாம்பைக் கண்டது போல. “ஐயோ, தந்து வாங்கினா சரிவராது. நீரே வச்சுக்கொள்ளும்.”

“அப்ப நான் இங்க வச்சிட்டுப் போறேன். நான் பாக்கல.”

“நீர் பாக்காட்டியும் நீர் தந்ததுதானே?”

கீழே போய்ப் பஹ்மியாவிடம் கொட்டினாள் செலீன். பஹ்மியா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நூலைக் கத்தரித்தாள்.

“அக்கா, கோவிக்க மாட்டீங்கன்டா ஒண்டு சொல்றன். நோன்புப் பெருநாளுக்கு முந்தி நானும் உங்கட கொடியில ஒரு துண்டு ஒடிச்சன்.”

“நீயுமா!”

“நான் மட்டுமா? ரெண்டாம் மாடியில மூணு வீடு. மேல ரபீக்கா வீட்டில ஈக்கிது. வாட்ச்சர்ட றூமிலயும் ஈக்கிது. உங்கட மனுசனுக்கு வேலை கிடைச்சதே, அதை எல்லாரும் பார்த்தாங்கதானே.”

“உன் வீட்டுத் துண்டில பூச்சி இல்லியா?”

“நான் கழுவித்தான் வச்சன். மத்தவங்க கழுவியிருப்பாங்களா?”

திரும்பும் வழியில் செலீன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போத்தல். ஒவ்வொரு போத்தலும் எறும்புக்கு ஒரு பண்ணை. கேட்டால் எல்லாரும் “எங்கட வீட்டில செடியே இல்ல” என்பார்கள். அவள் தன் வாசலில் குந்தி, பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சாகலாம். திருநாளன்று ஏழு சாடிக்குப் பதில் ஏழு குச்சியை மாதா காலடியில் நட்டு வைக்கலாம்.

திருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்கையில்தான் அது நடந்தது. ஏழு சாடியில் மிக அழகானது, பூ இன்னும் முழுசாக விரியாமல் சுருட்டிய சிவப்பில் நின்றது. காலையில் விளக்குப் பிடித்தபோது அந்தச் சுருட்டுக்கு உள்ளேயே வெள்ளை. ஸ்பிரிட் தொட்டால் மடல் கறுத்துவிடும். தொடாவிட்டால் பூச்சி தின்றுவிடும். செலீன் சாடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே போய்ப் பிறிஜெற்றின் கதவைத் தட்டினாள். இந்த முறை கை நிற்கவில்லை.

“என்ன செலீன், விடியக் காலமை சாடியோட?”

“அக்கா, உங்க குசினி ஜன்னல்ல ஜாம் போத்தல் இருக்கு. அதில இருக்கிற கொடி முழுக்கப் பூச்சி. அதில இருந்துதான் என் செடிக்கு வருது. ஒண்ணு அதைக் கழுவுங்க, இல்லாட்டி எறிங்க.”

“யார் சொன்னது என்ட வீட்டில…”

“என் கண்ணு சொல்லுச்சு.”

“அப்ப நான் களவெடுத்தனான் எண்டு சொல்லுறீரோ?” பிறிஜெற்றின் குரல் ஏறியது. “மாதாக்குச் சோடிக்க முறை தந்தன். தந்தவளைப் பார்த்துக் கள்ளி எண்டு சொல்லுறீர். இதுக்குத்தான் நான்…”

“நானும் கள்ளிதான்க்கா.”

பிறிஜெற் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

“ஒன்பது வருசத்துக்கு முந்தி அந்தக் கொடியை உங்க ஜன்னல்ல இருந்து ஒடிச்சது நான்தான். றொஹானை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்னைக்கு. சொன்னா போயிரும்னாங்க. போனாப் போகட்டும். என்னால இனி முடியாது.”

சொல்லிவிட்டுச் செலீன் மூச்சு வாங்கினாள். கிளறன்ஸின் வேலை அந்த நிமிடமே போய்விட்டது போல இருந்தது.

பிறிஜெற் கதவு நிலையில் சாய்ந்தாள். கத்தவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீர் எடுத்தது. இந்தக் கட்டடத்தில அந்தப் புள்ளி போட்ட கொடி என்னட்ட மட்டும்தானே இருந்தது. மூண்டு மாசத்தில உம்மட வாசல்ல நிக்குது. எனக்கென்ன கண் பொட்டையோ? என்ட கொடி பட்டுப் போச்சு. அந்த வருசக் கடைசியில என்ட மனுசனுக்கு வேலை போச்சு. உம்மட மனுசனுக்கு வேலை கிடைச்சுது. நான் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போறனான்.”

“தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா மட்டும் தருவீரோ? ஒண்டு செய்தன். கொப்பியில உம்மட பேரை ஒவ்வொரு வருசமும் கீழ போட்டன்.”

செலீனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது இடுப்பில் இருந்த சாடி கனத்தது.

“நான் தோட்டத்துக்காரின்னு இல்லியா?”

“என்ன விசர்க் கதை! என்ட அம்மாவும் பதுளைத் தோட்டம்தான்.”

ஒன்பது வருடம். பாஸ்கா திருநாளுக்குப் பலகாரம் சுட்டு முதலில் இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தது. “ஆமா” என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று “ஓம்” சொல்லப் பழகி, நாக்கு வராமல் விட்டது. செபமாலைக்கு எல்லாருக்கும் பின்னால் செருப்புப் பக்கத்தில் உட்கார்ந்தது. எல்லாம் ஒரு சாண் கொடிக்காக. அவளுக்குப் பிறிஜெற்றின் மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பித் தன் மேலேயே வந்தது. எந்தப் பக்கம் எறிவது என்று தெரியாமல், “அதுக்காக ஒன்பது வருசமாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

“எனக்கு மட்டும் ஒன்பது வருசம் இல்லையோ?” என்றாள் பிறிஜெற். பிறகு, குரல் இறங்கி, “உள்ளுக்கு வாரும். சாடியை வையும். கை நோகும்.”

குசினியில் ஜாம் போத்தலை இருவரும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்கள். பிறிஜெற் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனவள், “அம்மாடி!” என்று பின்னால் வந்தாள். “நான் இது பூக்குது எண்டெல்லோ இருந்தனான்!”

“எறிஞ்சிடலாம்க்கா.”

“எறிய மாட்டன். இது என்ட கொடி. உம்மட வீட்டில பூச்சி பிடிச்சு வந்தது, அவ்வளவுதான். பூச்சி உம்மட பக்கத்தது, கொடி என்ட பக்கத்தது.”

வாதாட நேரம் இருக்கவில்லை. ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, கொடியைத் தலைகீழாக முக்கினார்கள். செலீன் கணுக்கணுவாகத் தேய்த்துக் காட்டினாள். பிறிஜெற் இரண்டு கணுவைத் தேய்த்துவிட்டு, “வேர்ப் பக்கமும் பாரும், ஒளிச்சிருக்கும்,” என்று செலீனுக்கே கட்டளை போட்டாள்.

“இது மட்டும் கழுவினாப் போதாதுக்கா. ரெண்டாம் மாடி, அஞ்சாம் மாடி, வாட்ச்சர் றூம், எல்லா இடத்திலயும் போத்தல் இருக்கு. போய்ச் சொன்னா கதவைச் சாத்துவாங்க. சுத்தமான துண்டு குடுத்தாலும் வாங்க மாட்டாங்க.”

பிறிஜெற் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அந்தக் கட்டடத்தில் ஒரு கதையைக் கீழிருந்து மேலே ஏற்ற அவளுக்குப் பத்து நிமிடம் போதும். பழுதான லிஃப்ட் அவளுக்கு ஒரு தடையே இல்லை.

“மணி பிளான்ட்ல வெள்ளை பூத்தா அந்த வீட்டுச் சல்லி வெளியில போகப் போகுது எண்டு அர்த்தம்,” என்றாள் மெதுவாக. “அந்தக் கொடியை வீட்டில வச்சிருக்கக் கூடாது. உடன எறியோணும். பையில கட்டி.”

“அப்பிடியா? யாரு சொன்னா?”

“நான்தான். இப்ப.”

“பொய்யாக்கா? திருநாள் நேரத்தில?”

“சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் இருக்குத்தானே, ஃபாதரிட்டச் சொல்லிடுறன். நீர் போய் உம்மட கொடியை நல்லாக் கழுவி, நீளம் நீளமா நாலஞ்சு நுனியைக் கம்பிக்கு வெளியால தொங்க விடும். பின்னேரம் வாசலில நிக்காதேயும். தந்தாத்தானே வாங்க மாட்டுதுகள். களவெடுக்க விடும்.”

அடுத்த நாள் காலை, கீழே குப்பைத் தொட்டியில் கட்டிய பைகள் நாலு கிடந்தன. மறுநாள் இன்னும் மூன்று. செலீன் கம்பியில் தொங்கவிட்ட ஆறு நுனிகள் இரண்டு பின்னேரத்தில் காணாமல் போயின. ஒவ்வொன்றையும் அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் தொங்கவிட்டிருந்தாள். வாட்ச்சர் தன் சட்டைப் பையில் ஏதோ மறைத்துக்கொண்டு, அவளைக் கண்டதும் வானத்தைப் பார்த்து, “மழை வரும் போல நோனா,” என்றார். வானம் வெளுத்துக் கிடந்தது.

வயரில் எறும்பு மெலிந்தது. பிறகு நின்றது. செலீன் ஏழு நாளுக்கு ஒரு முறை, இலையின் அடிப்பக்கம், வெயில் தாழ்ந்த பிறகு, அடித்தாள். புதுத் துணி, சாடிக்கு ஒன்று. கிளறன்ஸின் பழைய பனியன்கள் முடிந்து புதியதில் கை வைத்தபோது மட்டும் அவன் சத்தம் போட்டான். அவன் வேலை போகவில்லை. ஆனால் அவன் பிந்தி வரும் ஒவ்வொரு நாளும் அவள் வாசலில் நின்றாள். ஏன் என்று அவனுக்குச் சொல்லவில்லை.

எல்லாம் தப்பவில்லை. உள்ளுக்குள் பூச்சி புகுந்த அந்தச் சுருட்டுப் பூ விரியாமலே கறுத்து விழுந்தது. தூள் கரைசலில் கருகிய சாடி ஒன்று வேரோடு அழுகியது. செப்ரெம்பர் எட்டாம் திகதி காலை மாதா காலடியில் ஐந்து சாடிதான் நின்றன. ஏழு என்று சொன்னது படிக்கட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

“ஏழு எண்டல்லோ சொன்னவ?” என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அஞ்சு காணாதோ? உமக்கு எண்ணத் தெரியுமெண்டு மாதாக்குத் தெரியும், செபத்தைச் சொல்லும்,” என்றாள் பிறிஜெற், திரும்பிப் பார்க்காமலே.

செலீன் அன்று முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முறை வீட்டுக்காரி அங்கேதான் உட்கார வேண்டும். மன்றாட்டு மாலை ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. கண் ஐந்து சாடியின் இலை இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேடியது. பக்கத்தில் பிறிஜெற்றும் அதையேதான் தேடுகிறாள் என்பது, அவள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி வைத்ததில் தெரிந்தது. மூன்றாம் சாடியில் ஒரு வெள்ளை. இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். மெழுகுதிரி சிந்திய துளி.

எல்லாரும் பாற்சோறு சாப்பிட்டுக் கலைந்த பிறகு, சாடிகளை மேலே கொண்டு போகச் செலீன் குனிந்தாள். நடுச் சாடியில் அடிப்பக்கம் முளைத்திருந்த சின்னக் கன்று ஒன்றைக் காணவில்லை. பிய்த்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. மாதா காலடியிலிருந்து, செபம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள்.

நிமிர்ந்து பார்த்தாள். படிக்கட்டில் பிறிஜெற் மட்டும்தான் நின்றாள், கைப்பையை மார்போடு அணைத்தபடி. பையின் சிப் முழுசாகப் பூட்டவில்லை.

செலீன் சாடியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“ஏழு நாளைக்கு ஒருக்கா சோப்புத் தண்ணி அடிக்கணும்க்கா,” என்றாள். “இலைக்கு அடியில. வெயில் தாழ்ந்த பிறகு.”

“எனக்கேன் சொல்லுறீர்? என்னட்ட எங்க செடி?”

“சும்மா சொன்னேன்.”

நாலு மாடியையும் ஏறி முடியும் வரைக்கும், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாமல், அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனாள்.